வாள் தொட்ட சத்தியம்

முன்னொரு காலத்தில் குன்றக்கூற்றம் என்ற நாட்டை வாணகண்டன் என்ற ராஜா ஆண்டான். நல்லவனா கெட்டவனா என்று கேட்காதீர்கள். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அந்த நாட்டில் சைவர், வைணவர், சமணர், துறைமுகத்தில் முஸ்லிம்கள் என்று பல பேர். வழக்கு என்று வந்தால் சாட்சி அவரவர் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்வார். பொய் சொல்ல நாக்கு கூசும். நன்றாகத்தான் நடந்தது.

கெடுத்தவன் வில்லவராயன், அரண்மனை அதிகாரி. மந்திரி இளம்பூதியைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். அவரை முந்தி ராஜாவிடம் பேர் வாங்கப் பார்த்தான்.

"ராஜா ஒருவர். சத்தியம் மட்டும் நாலு விதமா? நம் கொற்றவையின் வாளைத் தொட்டுத்தான் இனி எல்லாரும் சத்தியம் செய்ய வேண்டும்" என்றான்.

"பலே!" என்றான் ராஜா. முடிந்தது.

அந்த வாளில் அன்றன்று வெட்டிய ஆட்டின் ரத்தம் பூசியிருக்கும். சமணர் தொடுவாரா? முஸ்லிம்கள் அந்தத் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்வார்களா? மாட்டார்கள். வாளைத் தொடாதவன் சாட்சி செல்லாது.

முதல் மாதமே அனந்தநாதன் என்ற சமண வியாபாரி மேல் நகைத் திருட்டுப் பழி விழுந்தது. திருட்டு நடந்த நேரம் அவர் தன் கடையில்தான் இருந்தார் என்று சொல்ல ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் சமணர். வாளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். இளம்பூதி வாதாடிப் பார்த்தார். ராஜா கொட்டாவி விட்டான். அனந்தநாதனைத் தூக்கில் போட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு நண்பகலில் அரண்மனைக் களஞ்சியம் எரிந்தது. உள்ளே இரண்டு பேர் கருகினார்கள். "படகுக்காரன் சேகாலிதான் தீ வைத்தான்" என்று காவலன் ஒருவன் வாளைத் தொட்டுச் சொன்னான். அந்த நேரம் சேகாலி கரையில் பதினோரு பேரோடு படகு செப்பனிட்டுக்கொண்டிருந்தான். பதினோரு பேரும் அவன் தொழுகும் பள்ளிவாசல்காரர்கள்.

"தூக்கு" என்றான் ராஜா.

"மகாராஜா, பொறுங்கள். நானும் ஒரு சாட்சி" என்று இளம்பூதி எழுந்தார்.

கொற்றவை அவருடைய குலதெய்வம். அவளைக் கும்பிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை அவர். வாளைத் தொட்டார். விரலில் ரத்தம் ஒட்டியது.

"கொற்றவை மேல் ஆணை. களஞ்சியத்துக்குத் தீ வைத்தவர் மகாராஜா வாணகண்டர். என் கண்ணால் பார்த்தேன்."

ராஜா சிங்காசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தான். "ஓய்! பைத்தியமா உமக்கு?"

அவன் மேலே பேசுவதற்குள் வில்லவராயன் பாய்ந்து வாளைப் பிடித்தான். "பொய்! அன்று நண்பகல் மகாராஜா என்னோடு அந்தப்புரத் தோட்டத்தில் சொக்கட்டான் ஆடினார். கொற்றவை மேல் ஆணை!"

ராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நான் எங்கே உன்னோடு ஆடினேன்? யாருக்கும் சொல்லாமல் துறைமுகத்துக்குக் குதிரை பார்க்கப் போயிருந்தேன்."

வில்லவராயன் கை வாளிலேயே ஒட்டிக்கொண்டது.

"துறைமுகத்தில் தங்களோடு யார் இருந்தார்கள்?" என்று கேட்டார் இளம்பூதி.

"குதிரை வியாபாரி இபுராகீம், வைத்தியர் தரணேந்திரர்..." ராஜா நிறுத்தினான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சமணர். முகம் வெளுத்துப்போயிற்று.

"அவர்கள் வாளைத் தொட மாட்டார்கள், மகாராஜா. நான் தொட்டுவிட்டேன். சட்டப்படி நாளைக்குத் தூக்கு யாருக்கு?"

ராஜா, சேகாலி மேல் சாட்சி சொன்ன காவலனைக் காட்டி, "இவன் குலதெய்வம் எது?" என்றான்.

"ஐயனார்" என்றார் இளம்பூதி.

"ஐயனார் பேரில் சொல்லடா."

காவலன் வாயைத் திறந்தான், மூடினான், தொப்பென்று காலில் விழுந்தான். களஞ்சியத்துக்குள் தான் மூட்டிய அடுப்பிலிருந்துதான் தீ பிடித்தது என்று ஒப்புக்கொண்டான்.

சேகாலியை அவிழ்த்துவிட்டார்கள். பழைய வழக்கம் திரும்பியது. "முரசை உன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீ போட்ட சட்டம் செத்தது என்று ஒவ்வொரு தெருவிலும் நீயே சொல்லிவிட்டு வா" என்று வில்லவராயனைத் துரத்தினான் ராஜா. இளம்பூதிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். "பொய்ச் சத்தியமானாலும் என்ன புத்தி ஐயா உமக்கு!" என்றான். சபை கைதட்டியது.

சால்வையோடு வெளியே வந்தவர் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அனந்தநாதன் மனைவி பதுமாவதி. கூட்டத்தில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மந்திரி ஐயா, உங்களை ஒன்று கேட்கட்டுமா?"

"கேளம்மா."

"இந்தப் பொய்யைப் போன மாசமே சொல்லியிருக்கக் கூடாதா?"

எட்டுத் திசையும் மெச்சிய மந்திரி தோளிலிருந்த சால்வையைக் கழற்றினார். கதை அவ்வளவுதான்.