எந்தச் சட்டியில் விரால்?

மாவலூர் என்றொரு நாடு. வெகு காலத்துக்கு முன்னால் அதை இடிமுழக்க வர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். வரைபடப் பாடம் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

அந்த அரசனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒரே சத்தத்தில் வரும். எது எதுவென்று யாருக்கும் பிடிபடாது. அதனால் அவன் வாயைத் திறந்தாலே சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அமைச்சரின் பெயர் அஞ்சாநெஞ்சர். பெற்றவர்கள் ஆசையாக வைத்தது. ஆளோ பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுவார். குளிக்கப் போனால், தண்ணீரில் பாம்பு இருக்கிறதா என்று படியில் உட்கார்ந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குளிக்காமலே திரும்பிவிடுவார். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு ஓடி வருகிற எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

தளபதி மல்லாண்டானுக்குப் பிடிக்காது. அமைச்சர் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒருநாள் அரசன் வேட்டைக்குக் கிளம்பினான்.

"இன்று வேண்டாம் அரசே. ஏதோ சரியில்லை என்று படுகிறது" என்றார் அமைச்சர்.

"இவருக்கு எதுதான் சரியாகப் பட்டது?" என்றான் தளபதி. "நேற்று விருந்தில் பாயச முந்திரியைப் பார்த்து வண்டு என்று எழுந்து ஓடினாரே!"

"வண்டாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீங்கள் விழுங்கியிருப்பீர்கள்."

சபை சிரித்தது. தளபதியின் காது சிவந்தது.

"அரசே, ஆபத்து இவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். சோதித்துப் பார்ப்போமா? நான்கு சட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைக்கிறேன். ஒன்றில் மட்டும் இரவெல்லாம் ஒரு விரால் மீனை விட்டு, காலையில் எடுத்துவிடுகிறேன். எந்தச் சட்டி என்று இவர் சொல்லட்டும். மூக்கும் நாக்கும் கிட்டே போகக் கூடாது."

அரசனுக்கு வேட்டை மறந்தே போயிற்று. "பேஷ்! சொல்லாவிட்டால் பதவியும் போச்சு, ஊரும் போச்சு. நாளைக்கே முக்காடு போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

அமைச்சர் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை இழுத்தார்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றாள் மனைவி பூங்காவனம்.

"முக்காடு போட ஒரு துணி."

விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "குளிக்கிறேன் என்று போய்க் குளத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதில் உருப்படியாக ஒன்றுகூடவா கண்ணில் படவில்லை?"

அமைச்சர் பெட்டியை விட்டுவிட்டு, ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்.

மறுநாள் சபையில் சட்டிகள் வரிசையாக இருந்தன. அமைச்சர் குடத்திலிருந்து சின்னச் சின்னப் பூச்சிகளை அள்ளி ஒவ்வொன்றிலும் விட்டார். குச்சி மாதிரி உடம்பு, வாலில் மூன்று இறகு. கூடவே கொஞ்சம் கொசுப்புழுவும் போட்டார்.

"இது என்னய்யா?" என்றான் அரசன்.

"ஊசித்தட்டான் பிள்ளைகள், அரசே. சிறகு முளைக்கும்வரை தண்ணீருக்குள்தான் குடித்தனம். மீன் கண்ணில் படவே வேண்டாம், அதன் வாடை தண்ணீரில் கரைந்து வந்தாலே போதும். தீனியைக்கூட விட்டுவிட்டு அப்படியே அசையாமல் நின்றுவிடும். என் ஜாதி."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதல் சட்டியில் பூச்சிகள் ஊர்ந்தன, கொசுப்புழுவைப் பிடித்துத் தின்றன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றிலும் நான்கிலும்கூட விருந்துதான். அமைச்சர் மறுபடி சட்டிகளைப் பார்த்தார், தளபதியின் மீசைக்குள் ஒளிந்திருந்த சிரிப்பைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"அரசே, இந்த நான்கில் எதிலுமே விரால் இருக்கவில்லை."

"பொய்!" தளபதி துள்ளினான். "மூன்றாவதில் இருந்தது! இதுகளுக்கு என்ன தெரியும்?" என்று மூன்றாம் சட்டிக்குள் கையை விட்டுக் கலக்கினான்.

பூச்சிகள் சிதறின. பிறகு ஒட்டவைத்தாற்போல நின்றன. ஒன்றுகூட அசையவில்லை.

"கையை விட்டால் எந்தப் பூச்சிதான் பயப்படாது?" என்றான் தளபதி.

"நியாயம்தான். அரசே, தாங்கள் நான்காவதில் கையை விடுங்கள்."

அரசன் கலக்கினான். அங்கேயும் சிதறின. ஆனால் தண்ணீர் அடங்கியதும் மறுபடி ஊர்ந்து கொசுப்புழுவைத் தேடின. மூன்றாம் சட்டியில் இன்னும் அசைவில்லை.

அமைச்சர் மெல்லச் சொன்னார். "விரால் சட்டியில் இல்லை அரசே. தளபதியின் கையில் இருக்கிறது."

தளபதி சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அது போதாதா? அரசன் ஒரு பார்வை பார்த்தான், எல்லாம் வெளியே வந்தது.

"நல்ல கொழுத்த விரால் அரசே. சட்டியில் விட மனசு வரவில்லை. மைத்துனன் வேறு வந்திருக்கிறான். இங்கே வரும் வழியில்தான் குழம்புக்குப் பிடித்துக் கொடுத்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்..."

"அமைச்சர் எதைக் காட்டினாலும், வேறு சட்டி என்று சொல்லியிருப்பாய்?"

தளபதி தலை கவிழ்ந்தது.

"இந்தப் பூச்சிகளை நீயே சுமந்துபோய்க் குளத்தில் விடு. மைத்துனன் குழம்பு அமைச்சர் வீட்டுக்குப் போகட்டும். மைத்துனன் அவன் ஊருக்குப் போகட்டும்!" என்று அரசன் ஓங்கிச் சத்தம் போட்டான். பிறகு அமைச்சரிடம் திரும்பினான். "ஆனாலும் ஓய், மீனே இல்லாத தண்ணீருக்கு இவ்வளவு பயமா?"

"பயப்படாததெல்லாம் மீன் வயிற்றில் இருக்கிறது அரசே. என்னைப்போல நடுங்குவதுதான் மிஞ்சிச் சிறகு முளைத்துப் பறக்கிறது. எனக்குச் சிறகுதான் இன்னும் முளைக்கவில்லை."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சபையைப் பார்த்தான். புலவர் எழுத்தாணியைத் தூக்கியபடி நின்றார். சாமரம் வீசுகிறவள் பாதி வீச்சில் நின்றாள். வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அது சிரிப்பா, கோபமா என்று தெரியாமல் ஒருவரும் அசையவில்லை.

அரசனின் சிரிப்பு நின்றது. மூன்றாம் சட்டியைப் பார்த்தான். சபையைப் பார்த்தான்.

"அமைச்சரே," என்றான் தாழ்ந்த குரலில், "அப்படியென்றால் விரால் நானா?"

அமைச்சர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், குச்சி மாதிரி நின்றார்.

அரசன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "யாரங்கே! எனக்கும் கை கழுவத் தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றான்.

புலவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். வெற்றிலைக்காரர் மெல்லத் தொடங்கினார். அமைச்சரே சொம்பை வாங்கி வந்தார். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.