கருமந்தியின் வெளிச்சமும் முயலின் புதரும்

நீலகிரி மலைச்சரிவில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா புதர்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் அடியில் தாயம்மா என்ற முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. மற்றதை வளர்த்தது சொக்கலிங்கம் என்ற கருமந்தி. சரிவு முழுவதும் தனக்கே வேண்டும் என்று அது அடம் பிடித்தது.

பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த காட்டெருமை, கொட்டாவி விட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னது.

"சித்திரையில் எந்தப் புதர் அதிகம் பூக்குதோ, அந்தப் புதர்க்காரருக்குத்தான் சரிவு. மற்றவர் சதுப்புக்குப் போகணும்."

சதுப்பில் குள்ளநரிகள் இருந்தன. குட்டிகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் பிழைப்பது?

ஐப்பசியில் பகல் சுருங்கத் தொடங்கியது. மந்தி மின்மினிகளைக் கெஞ்சி அழைத்து வந்து, பொழுது சாய்ந்த பிறகும் புதரைச் சுற்றி வெளிச்சம் போடவைத்தது. அவை போனதும் காய்ந்த புல்லை வாரிப் போர்த்தியது. அந்தச் செடியும் இன்னும் கோடைதான் என்று நம்பி, தளதளவென்று துளிர்த்தது.

தாயம்மாவின் புதரோ பகல் குறைந்ததுமே துளிர்ப்பதை நிறுத்திவிட்டது. இளங்குளிர் பட்டதும் இலைகள் பழுத்து உதிர்ந்தன. தண்டு கட்டை போல இறுகியது. மொட்டுகள் செதிலுக்குள் பதுங்கிக்கொண்டன.

"என்ன தாயம்மாக்கா, இது செடியா, அடுப்புக்கு வச்ச சுள்ளியா? மூட்டை கட்டியாச்சா?" என்றது மந்தி.

"உன் போர்வையை ஒழுங்கா மடிச்சு வை, தம்பி. என் மூட்டையை நான் பார்த்துக்கறேன்."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு அடித்துக்கொண்டது. "நாமளும் மின்மினியைக் கூப்பிடலாம்மா" என்று குட்டிகள் நச்சரித்தன. சரி என்று கிளம்பியே விட்டது தாயம்மா. போகிற வழியில் காதைச் சொறிந்தபோது, தன் ரோமம் அடர்ந்திருப்பது தட்டுப்பட்டது. குளிர் முற்றுமுன்பே இதை யார் வளர்த்தது? பகல் குறைந்ததை உடம்பே பார்த்துக்கொண்டதல்லவா? செடிக்கும் அந்த அறிவு இருக்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டது.

தை மாதத்தில் ஒருநாள் விடிந்தபோது, சரிவெங்கும் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. போர்வைக்குள்ளும் பனி இறங்கியிருந்தது. மந்தியின் துளிர்கள் வதக்கிய கீரைபோல் கருத்துத் தொங்கின.

"ஒருநாள்கூட அதைக் குளிரவிடலையே, அக்கா" என்று மந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தது.

"அதான்டா தப்பு. பொழுது சுருங்குறது அதுக்குத் தெரியவேண்டாமா? தெரிஞ்சாத்தானே தயாராகும்?"

சித்திரை வந்தது. தாயம்மாவின் புதரில் நீலப் பந்து பந்தாகப் பூக்கள்; மந்தியின் புதரில் ஒன்றுகூட இல்லை. காட்டெருமை எண்ணிப் பார்த்தது, குழம்பியது, மறுபடி எண்ணியது.

"போதும், என்னால் முடியாது. சரிவு தாயம்மாவுக்கு!"

மந்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சதுப்புப் பக்கம் நடந்தது. நான்கு குட்டிகளும் சரிவின் உச்சிக்கு ஓடி, அங்கிருந்து கூச்சலோடு உருண்டு இறங்கின. தாயம்மாவும் வயசைப் பார்க்காமல் கூடவே உருண்டது.

பொத்திப் பொத்தி வளர்த்தது முதல் அடியிலேயே கருகிப்போகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டத்துக்குப் பழகியதே நின்று பூக்கும்.