உப்புக் கூடிய ரசம்

வாரம் தவறாமல் மடத்துக்கு வருகிறவன் அறவாழி. அன்று சாமியாரைக் கும்பிட்ட கையோடு கேட்டுவிட்டான்.

"பொய் சொல்ற பிள்ளையை எப்படிச் சாமி திருத்துறது?"

பிள்ளை என்றது மகள் நிலவொளியை. ஆறு வயது. விவாகரத்தாகி ஒரு வருஷம். வாரமெல்லாம் தாயிடம், சனி ஞாயிறு இவனிடம். இங்கே வந்தால் அம்மா வீடு பிடிக்கவில்லை என்பாள். அங்கே போனால் அப்பா வீடு பிடிக்கவில்லையாம். பெற்றவர்கள் போனில் சண்டை போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இப்போதெல்லாம் எது கேட்டாலும், முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறாளாம். அதுதான் அவனுக்குப் பயம்.

பசிக்கிறது என்று சாமி அவனைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மடத்தில் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பெல்லாம் கைக்கணக்கு. அன்று கை தாராளம்.

சாமி ரசத்தை ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

"பொன்னம்மாவுக்குக் கையா அது, உப்பளமா? நீ சொல்லு."

"வாயில வைக்க முடியல சாமி."

சாமி தண்ணீர்ச் செம்பை எடுக்க எழுந்து போனார். பொன்னம்மா கரண்டியோடு வந்து நின்றாள். முப்பது வருஷமாக அங்கே சமைக்கிறவள். சாமிக்கு நாக்கு செத்துப்போச்சு, ரசத்துக்கு என்ன குறை, நீயே சொல்லு தம்பி என்றாள்.

"அருமையா இருக்குக்கா."

சாமி பின்னால்தான் நின்றிருந்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"நாற்பத்தொண்ணு."

அறவாழிக்கு ஆறு வயது மகள் நினைவுக்கு வந்தாள். சாமி உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்.

"பொன்னம்மா, மிளகு வாசம் தூக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

குடித்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

"இப்போ சொல்லு."

"மிளகு நல்லா இருக்கு சாமி. உப்புதான் கொஞ்சம் கூட."

பொன்னம்மா சிரித்துவிட்டாள். இதைச் சொல்ல இவ்வளவு முழியா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அறவாழி முகம் தெளிந்து வந்தான். சனிக்கிழமை தோசை சுடும்போது, உங்க அம்மா சுடுற தோசை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மகளிடம் சொன்னானாம். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாளாம். அப்புறம் வாய் ஓயவில்லை. அம்மா வீட்டுப் பூனை, அது போட்ட குட்டி, எல்லாம் வந்ததாம்.

"கடைசியில, அம்மா தோசைதான் நல்லா இருக்கும், உன் தோசை கருகுதுப்பான்னுட்டா சாமி."

"வருத்தமா?"

"இல்ல சாமி."

"அப்போ அவங்க அம்மாகிட்டப் போய்ப் பக்குவம் கேட்டுக்கோ."