கலங்கல் திறந்ததாக ஒரு செய்தி

நகரத்தின் நடுவில் ஒரு குளம் இருந்தது. நான்கு பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்கித் தள்ளியும் எப்படியோ தப்பிப் பிழைத்த குளம். அங்கே குடியிருந்த பறவைகளும் விலங்குகளும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்துத் தாங்களும் ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. குளக்கரைக் குடியிருப்போர் நலச் சங்கம் என்று பெயர்.

தலைவர் நாரையார். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பார். குளத்தின் நலனைப் பற்றி ஆழ்ந்து யோசிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மீனைப் பற்றித்தான் யோசித்தார். செயலாளர் பெருச்சாளி. செய்தி வாசிப்பது மைனா. தினமும் காலையில் பூவரச மரத்தில் உட்கார்ந்துகொண்டு, சங்கச் செய்திகளைக் குளம் முழுக்கக் கேட்கும்படி வாசிக்கும்.

மைனாவுக்கு ஒரு விதி இருந்தது. நல்ல செய்தி என்றால் எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம். புகார் என்றால் மட்டும், செயலாளர் மரத்தடிக்கு நேரில் வந்து தலையசைக்க வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்ததே பெருச்சாளிதான். போன வருடம் ஓர் ஆமை, தலைவர் அளவுக்கு மீறி மீன் தின்கிறார் என்று புகார் சொல்ல, மைனா அதை அப்படியே வாசித்துத் தொலைத்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. அதற்குப் பிறகு எந்தப் புகாருக்கும் பெருச்சாளியின் தலை அசையவில்லை. ஆகவே குளத்தில் குறை என்று எதுவுமே இல்லாமல் போயிற்று.

கீழ்க்கரையில், தண்ணீரை ஒட்டிய கோரைப்புல்லில், பவளம் என்ற கானாங்கோழி கூடு கட்டி ஆறு முட்டைகள் இட்டிருந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நண்டு வந்து அதனிடம் ஒரு விஷயம் சொன்னது. குளத்தில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய்க்குக் கலங்கல் என்று பெயர். அந்தக் கலங்கலை ஆகாயத்தாமரை முழுக்க அடைத்துக்கொண்டுவிட்டது. ஒரு பெருமழை பெய்தால் தண்ணீர் போக வழி இல்லை. முதலில் மூழ்குவது கீழ்க்கரைதான்.

"அடியில இருந்து வேரை நான் வெட்டிக் குடுத்திடுவேன். மேல இருந்து இழுக்க நாலு பேரு வேணும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்" என்றது நண்டு.

கானாங்கோழி அன்றே சங்கத்துக்கு ஓடியது. பெருச்சாளி பொறுமையாகக் கேட்டது. கேட்கக் கேட்க அதன் மீசை துடித்தது. அரை நாள் வேலையை யாராவது அரை நாளில் முடிப்பார்களா? "மாபெரும் தூய்மைப் பணி" என்று அறிவித்துவிட்டது.

பிறகு மூன்று கூட்டங்கள் நடந்தன. தலைமை நாரையார் என்பதில் தகராறு இல்லை. முன்னிலை வகிப்பது ஓணானா அணிலா என்பதில் முதல் கூட்டம் முழுக்கப் போயிற்று. ஓணானுக்கு முன்னிலை கொடுத்ததும் அணில் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தது. அதைச் சமாதானம் செய்து நன்றியுரையை அதன் கையில் கொடுக்க இரண்டாவது கூட்டம். வரவேற்புரை தவளைக்கு. தன்னார்வலர்கள் எல்லோரும் காதோரத்தில் ஒரு பூவரச இலையைச் செருகிக்கொண்டு வர வேண்டும் என்று மூன்றாவது கூட்டத்தில் ஏகமனதாக முடிவானது. நிகழ்ச்சி நிரலைக் கானாங்கோழி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தது. ஆகாயத்தாமரையை இழுக்கப் போவது யார் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாளே பெருச்சாளி மைனாவை அழைத்துச் செய்தியை ஒப்பித்து மனப்பாடம் செய்ய வைத்தது. திரளான தன்னார்வலர்கள் கலந்துகொண்டனர், கலங்கல் முழுமையாகத் திறக்கப்பட்டது, கீழ்க்கரைக்கு இனி வெள்ள அபாயம் இல்லை, பொதுமக்கள் மகிழ்ச்சி.

மைனாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒருவேளை நாளைக்கு நிகழ்ச்சி நின்னுபோச்சுன்னா?"

"நிகழ்ச்சி நிக்கலாம். செய்தி நிக்காது" என்றது பெருச்சாளி.

விடிந்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. கலங்கல் இருப்பது முள்ளும் சேறுமான மூலையில். அங்கே தலைவரை எப்படி நிற்க வைப்பது? அதனால் நிகழ்ச்சி படித்துறைக்கு மாற்றப்பட்டது. படித்துறையோ துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. பெருச்சாளி அசரவில்லை. நான்கு எலிகளை அனுப்பி, தோட்டத்துச் சருகையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு வந்து படித்துறையில் கொட்டச் சொன்னது. சுத்தமான இடத்தை அழுக்காக்கிவிட்டு, அதைச் சுத்தம் செய்ய எல்லோரும் தயாரானார்கள்.

நாரையார் ஒரு சருகை அலகால் தூக்கினார். மைனா பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தார். ஓணான் ஒரு சருகைத் தூக்கியது. தவளை வரவேற்றது. அணில் நன்றி சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து பொறுக்கி வந்த சுண்டல் வழங்கப்பட்டது. கூட்டம் வந்ததே அதற்குத்தான். சுண்டல் தீர்ந்ததும் தன்னார்வலர்களும் தீர்ந்தார்கள்.

மிச்சம் இருந்தது கொட்டிய குப்பை. படித்துறையில் கிடந்தால் அசிங்கம் அல்லவா? கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தள்ளிவிடச் சொன்னது பெருச்சாளி. எலிகள் அதை உருட்டிக்கொண்டு போய்க் கலங்கலில் தள்ளின.

காலையிலிருந்து அங்கே நண்டு காத்துக்கொண்டிருந்தது. தன்னார்வலர்கள் வருவார்கள் என்று பாதி வேரை வெட்டியும் வைத்திருந்தது. மொத்தக் குப்பையும் அதன் தலையில் விழுந்தது. இப்போது கலங்கல் முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை மைனா செய்தியை வாசித்தது. கானாங்கோழி நேராகப் பெருச்சாளியிடம் போய், கலங்கல் அடைத்தே கிடக்கிறது என்றும், உடனே நாலு பேரை அனுப்ப வேண்டும் என்றும் கெஞ்சியது.

"அதெப்படி பவளம்? திறந்தாச்சுன்னு செய்தி வந்திருச்சே" என்றது பெருச்சாளி.

"நீங்களே வந்து கண்ணால பாருங்க சார்."

"நான் வந்து பார்த்து, அது அடைச்சிருந்துச்சுன்னா? அப்புறம் சங்கத்து மானம் என்ன ஆகிறது? திறந்த கலங்கலை ரெண்டாவது தடவை திறக்கணும்னா அதுக்குத் தனியாப் பொதுக்குழு கூட்டணும்."

புகாராகவாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றது கானாங்கோழி. பெருச்சாளியின் தலை அசையவில்லை.

மைனா அந்தச் செய்தியை மூன்று நாள் தொடர்ந்து வாசித்தது. கீழ்க்கரைக்கு இனி அபாயம் இல்லை, அபாயம் இல்லை என்று குளமெங்கும் கேட்டது. கேட்டுக் கேட்டு நான்காவது நாள் பெருச்சாளிக்கே அது உண்மைதான் என்று தோன்றிவிட்டது. தான் சொல்லிக்கொடுத்த பொய் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. கீழ்க்கரை நல்ல குளிர்ச்சியான இடம். வெள்ளத்துக்குப் பயந்து யாரும் வராததால் காலியாகவும் இருந்தது. மேட்டில் வேப்பமரத்தடியில் இருந்த பழைய வளையைக் காலி செய்துவிட்டு, மனைவி மக்களோடு கீழ்க்கரையில் புது வளை தோண்டிக் குடியேறியது. பால் காய்ச்சினதாகக்கூடச் செய்தி வந்தது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. குளத்தில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது.

கானாங்கோழி கோரைப்புல்லைக் கிழித்துக் கிழித்துக் கூட்டை உயர்த்திப் பார்த்தது. அது ஓர் அங்குலம் உயர்த்தினால் தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியது. முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தால் கூட்டோடு மூழ்க வேண்டியதுதான். கலங்கலுக்குப் போனால் முட்டைகளைத் தனியாக விட்டுப் போக வேண்டும். பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?  கானாங்கோழி ஆறு முட்டைகளையும் ஒருமுறை அலகால் தொட்டுவிட்டுக் கலங்கலை நோக்கி நீந்தியது.

வழியில் தவளை ஓர் இலைமேல் உட்கார்ந்திருந்தது. காதோரத்தில் தன்னார்வலர் இலை இன்னும் வாடாமல் இருந்தது. தினமும் புது இலை மாற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. கூட வந்து ஒரு கை கொடு என்று கானாங்கோழி கூப்பிட்டது. அந்த வேலையைத்தான் போன வாரமே முடித்துவிட்டோமே, அதில் நான் வரவேற்புரைகூட ஆற்றினேனே என்று தவளை ஆச்சரியப்பட்டது. நாரையாரையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவரைக் கூப்பிடவில்லை. தண்ணீர் ஏறினால் அவருக்கு என்ன? கால் நீளம்.

கலங்கலில் நண்டு ஒற்றை ஆளாக வெட்டிக்கொண்டிருந்தது.  நண்டு அடியில் வெட்ட, கானாங்கோழி மேலே இழுத்தது. ஆகாயத்தாமரையைவிடச் சங்கத்தார் தள்ளிய குப்பைதான் அதிகத் தொல்லை கொடுத்தது.

அதே நேரம் கீழ்க்கரையில் பெருச்சாளியின் புது வளைக்குள் தண்ணீர் புகுந்தது. வாசல் மண் சரிந்து மூடிக்கொண்டது. மனைவி மக்களை மேல் அறைக்குத் தள்ளிவிட்டு, காற்று வரும் ஓட்டையில் மூக்கை நீட்டிக்கொண்டு பெருச்சாளி அலறியது. பூவரச மரம் பக்கத்தில்தான்.

"மைனா! வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு! எல்லாரையும் வரச் சொல்லு!"

மைனா எட்டிப் பார்த்தது. "வணக்கம் செயலாளர் சார். இது செய்தியா, புகாரா?"

"புகார்தான்! சீக்கிரம்!"

"புகார்னா நீங்க மரத்தடிக்கு நேர்ல வந்து தலையசைக்கணுமே சார்."

"நான் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கேன்! எப்படி வருவேன்?"

"விதி உங்களுதுதானே சார்" என்றது மைனா. அது கேலி செய்யவில்லை. உண்மையிலேயே விதிப்படி நடக்கிற பறவை அது. நல்ல செய்தி ஏதாவது இருந்தால் உடனே வாசிப்பதாகவும் சொன்னது. பெருச்சாளியிடம் அப்போது நல்ல செய்தி எதுவும் இல்லை. கழுத்தளவுக்குத் தண்ணீர்தான் இருந்தது.

அந்த நேரத்தில் கலங்கலில் கடைசி வேர் அறுந்தது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. அடைப்பையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. கீழ்க்கரையில் மளமளவென்று நீர் இறங்கியது. பெருச்சாளி குடும்பத்தோடு சேற்றைத் துப்பிக்கொண்டு வெளியே வந்தது. யாரால் பிழைத்தோம் என்று அது கேட்கவில்லை. மீசையை நீவிவிட்டுக்கொண்டு, மறுநாள் செய்திக்கு வாசகம் யோசிக்கத் தொடங்கியது.

கானாங்கோழி கூட்டுக்குத் திரும்பி வந்தது. கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. கோரைப்புல் முழுக்கத் தேடியது. கரையோரமெல்லாம் தேடியது. நண்டும் தேடியது. இரண்டு முட்டைகள் போயே போய்விட்டன.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மரத்தடியில் நல்ல கூட்டம். நாரையாரும் பெருச்சாளியும் முன்வரிசையில் இருந்தார்கள். மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது.

"கனமழையின்போது செயலாளர் குடும்பத்தோடு வெள்ளத்தில் இறங்கி நேரில் ஆய்வு செய்தார். சங்கத்தின் துரித நடவடிக்கையால் நீர் முழுமையாக வடிந்தது. கீழ்க்கரையில் வசிக்கும் கானாங்கோழியின் ஆறு முட்டைகளும் பத்திரமாக மீட்கப்பட்டன."

கூட்டம் கைதட்டியது. தவளை எல்லோரையும்விட ஓங்கித் தட்டியது.

கைதட்டல் ஓயும்வரை கானாங்கோழி காத்திருந்தது. அதன் இறகில் இன்னும் சேறு காயவில்லை. இழுத்து இழுத்து அலகு ஓரம் கிழிந்திருந்தது. மெதுவாக நடந்து வந்து பெருச்சாளியின் முன்னால் நின்றது.

"என் கூட்டுல நாலுதான் சார் இருக்கு. உங்க செய்தியில ஆறு இருக்கு. அந்த ரெண்டையும் கொண்டாந்து குடுத்திடுங்க. நான் அடை காத்துக்கறேன்."

 தவளை காதோரத்து இலையை எடுத்துக் காலடியில் மறைத்துக்கொண்டது. நாரையார் குளத்தில் ஏதோ மீன் அசைவதைப் பார்த்தார்.

மைனா பெருச்சாளியைப் பார்த்தது. இது புகார். செயலாளர் மரத்தடிக்கு நேரில் வந்திருக்கிறார். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, ஒருமுறை தலையசைத்தால் போதும். மைனா வெகுநேரம் காத்திருந்தது. தலை அசையவில்லை. கானாங்கோழி திரும்பிப் போய் மிச்சம் இருந்த நான்கின் மேல் உட்கார்ந்துகொண்டது.

செய்யாத வேலைக்குச் செய்தி போட்டுப் பெயர் வாங்குகிறவர் தம் பொய்யைத் தாமே நம்பிக் குழியில் விழுவார். ஆனால் அதற்கான விலையை, உண்மையாக வேலை செய்தவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.