கடைசிப் பக்கத்தில் ஒப்பீடு

“அம்மா, இஸ்ரவேல் கட்டுரையில அப்படி என்னதான் இருக்கு?”

பூலுடையார் வணக்கம் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. கதவைத் திறந்த வேகத்தில் கேட்டுவிட்டார்.

பேராசிரியர் ஆவுடைநாயகி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்பதால் தமிழ்த்துறையில் வேறு யாரும் இல்லை.

“உட்காருங்கய்யா.”

“உக்காரல.”

ஆவுடைநாயகி வயதில் இளையவர். ஆனாலும் பூலுடையாருக்கு ஆய்வு நெறியாளர் அவர்தான். பூலுடையார் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். இஸ்ரவேலும் அப்படியே. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வினையே அதுதான். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் தூக்கம் வராது.

அம்மா இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தியின் குடும்பத்தைப் பற்றிய நாவல் ஒன்று. உப்பளத்தைப் பாடும் கவிதைத் தொகுப்பு ஒன்று. இவற்றை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டும். தூத்துக்குடிக் கருத்தரங்கில் வாசிக்க ஒருவருக்குத்தான் இடம்.

நேற்று இஸ்ரவேலின் கட்டுரையைப் படித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்றார் அம்மா. பூலுடையாரின் கட்டுரையைப் படித்துவிட்டு, “வச்சுட்டுப் போங்க” என்றார்.

பூலுடையாருக்குச் சோறு இறங்கவில்லை.

“தூத்துக்குடி எங்க ஊரும்மா. எங்க ஊர்ல வந்து அவரு உப்பளத்தைப் பத்திப் பேசுவாரு. நான் கீழ உக்காந்து கைதட்டணும். அப்படித்தானே?”

“இன்னும் யாரு பேரையும் அனுப்பலை. திங்கட்கிழமைதான் அனுப்பணும்.”

“அனுப்பப் போறது அவரு பேரைத்தானே?”

“பொறாமையாய்யா?”

“ஆமாம்மா. பொறாமைதான். வயிறு எரியுது. வேற என்ன பேரு வச்சுச் சொல்ல?”

மனிதர் மழுப்பாமல் சொன்னது ஆவுடைநாயகிக்குப் பிடித்திருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“சரி. இஸ்ரவேலைப் பத்திச் சொல்லுங்க. அவரைப் பத்தி மட்டும். உங்க பேச்சே அதுல வரக்கூடாது.”

“இது என்ன பெரிய காரியம்?”

இப்போது உட்கார்ந்தார்.

“இஸ்ரவேல் நல்லா உடுத்துவாரு. சட்டை கசங்கவே கசங்காது. நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து சேருறதுக்குள்ள...”

“நீங்க வந்துட்டீங்க.”

“சரிம்மா. அவரு அப்பா தலைமையாசிரியர். வீட்டுல பீரோ நெறைய புஸ்தகம். எங்க வீட்டுல காகிதம்னு இருந்ததே செவத்துல தொங்குன காலண்டர்...”

“மறுபடியும் வந்துட்டீங்க.”

பூலுடையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இஸ்ரவேல் எழுதினா வாக்கியம் சின்னதா, கச்சிதமா இருக்கும்.”

இவ்வளவு சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். தாங்கவில்லை.

“என் வாக்கியம் நீண்டுக்கிட்டே போகும். ஒத்துக்கிடுதேன். ஆனா சத்தமா வாசிச்சா என் வாக்கியம்தான் நிக்கும். அவருக்குக் குரலே கெடையாதும்மா!”

“சரி, அவரை விடுங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க. இஸ்ரவேல் வரக்கூடாது.”

“அது சுலபம். எங்க அப்பா அளத்துல உப்பு வாருனவரு. காலு ரெண்டும் வெடிச்சுப் போயிருக்கும். லீவு விட்டா நானும் கூடப் போவேன். கண்ணு கூசும். தண்ணி குடிச்சாலும் உப்புக் கரிக்கும். அந்நேரம் இஸ்ரவேல் ஃபேனுக்குக் கீழ சாய்ஞ்சுக்கிட்டு நாவல் படிச்சிருப்பாரு...”

அவரே நிறுத்திக்கொண்டார்.

“வந்துட்டாரும்மா.”

“ஆமா.”

“என்ன செய்ய? பல்லு தேய்க்கும்போதுகூட அந்தாளு நெனப்புத்தான்.”

ஆவுடைநாயகி மேசைக்குள்ளிருந்து பூலுடையாரின் கட்டுரையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“படிங்க. சத்தமா.”

பூலுடையாருக்கு உண்மையிலேயே நல்ல குரல். கணீரென்று வாசித்தார். நாவலாசிரியர் வரலாறு. கதைச் சுருக்கம். தலைமைப் பாத்திரம். துணைப் பாத்திரங்கள். வருணனைத் திறன். கேன்டீனிலிருந்து டீ வந்தது. ஆறியும் போனது. நாவல் முடிந்து கவிதை தொடங்கியது. கவிஞர் வரலாறு. பாடுபொருள். உவமைகள். சொல்லாட்சி.

கடைசிப் பக்கத்தில் ‘ஒற்றுமைகள், வேற்றுமைகள்’ என்று தலைப்பிட்டு, நடுவில் கோடு போட்டிருந்தார். இரண்டும் உப்பளம் பற்றியவை என்பது ஒற்றுமை. ஒன்று உரைநடை, மற்றது கவிதை என்பது வேற்றுமை.

பூலுடையாரை மட்டும் குறை சொல்லக் கூடாது. நம் ஊரில் ஒப்பாய்வு என்றால் இப்படித்தான் எழுதுகிறார்கள். கல்யாணத்தன்று பெண்ணை ஒரு மண்டபத்திலும் மாப்பிள்ளையை இன்னொரு மண்டபத்திலும் உட்கார வைத்துவிட்டு, கடைசிப் பந்தி முடிந்த பிறகு அறிமுகம் செய்து வைக்கிற மாதிரி. அதற்குப் பட்டமும் கிடைத்துவிடுகிறது.

“எப்படி இருக்கும்மா?”

“நாவல் ரொம்ப நிம்மதியா இருக்குய்யா.”

“நிம்மதியாவா?”

“பக்கத்துலயே ஒரு கவிதை இருக்கு. அதைப் பார்த்து ஒரு தடவைகூட நாவலுக்கு வயிறு எரியலையே.”

பூலுடையார் கட்டுரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் கட்டுரையைப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நாவல் இருந்த பக்கங்களில் கவிதை என்ற சொல்லைத் தேடினார். இல்லை. கவிதை இருந்த பக்கங்களில் நாவலைத் தேடினார். அதுவும் இல்லை.

“அம்மா, ஒரு தாள் கொடுங்க.”

கொடுத்தார்.

பூலுடையார் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு வாசித்தார்.

“கால் எரிச்சலைச் சொல்ல நாவலுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க வேண்டியிருக்கிறது, கவிதை அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஆனால் எரிவது யார் கால் என்று கவிதைக்குத் தெரியாது. நாவலுக்கு அவள் பெயர் தெரியும்.”

ஆவுடைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அடுத்து?”

“அவள் பேசுகிறதையெல்லாம் நாவல் எழுதிவிடுகிறது. அவள் பேசாமல் நிற்கும்போது கவிதை வந்துவிடுகிறது. அந்த இடத்தில் நாவலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மழையை வருணிக்கத் தொடங்கிவிடுகிறது.”

“இனிமே கவிதை இல்லாம நாவலை மட்டும் தனியாப் பேச முடியுமாய்யா?”

“எப்படிம்மா பேச? ஒண்ணைத் தொட்டா மத்தது வந்துருதே.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

“கடைசியில எது பெருசுன்னு தீர்ப்பு சொல்லணுமாம்மா?”

“உங்களுக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவுல தீர்ப்பு சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லை.”

“அப்புறம் என்ன? எழுதுங்க.”

ஆவுடைநாயகி விடைத்தாளை எடுத்துக்கொண்டார். பூலுடையார் தலை குனிந்து எழுதினார். நடுவில் அவருடைய பேனா நின்றது. முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் திரும்ப வந்திருந்தது.

“அம்மா, இஸ்ரவேலுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?”

“ஆமா. போன சனிக்கிழமை. இதே நாற்காலிதான்.”

“அவரும் பொறாமையோடயா வந்தாரு?”

“ஆமா.”

பூலுடையாருக்கு நம்ப முடியவில்லை. கசங்காத சட்டை. வீடு நிறையப் புத்தகம். அந்த மனிதருக்கு என்ன குறை? அப்படி யார் மேல் அவருக்குப் பொறாமை வரும்? யாரென்றே தெரியாத அந்த ஆள் மேல் பூலுடையாருக்கு இப்போதே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

“யாரைப் பார்த்தும்மா?”

ஆவுடைநாயகி விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரோ ஒருத்தருக்கு அப்பா உப்பு வாருனவராம். இவர் உப்பளத்தை பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்காராம். அந்த ஆள் வாய் திறந்து வாசிச்சா சபையே நிமிர்ந்து உட்காருமாம்.”

பக்கத்தைத் திருப்பினார்.

“பல்லு தேய்க்கும்போதுகூட அதே நினைப்புதானாம்.”