பாதிக் கேள்வி

"பத்து நாளாச்சு. ஒரு உத்தியாவது காட்டினீங்களா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

கேட்கத்தானே செய்வாள்! கோவில்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். ஆசிரியர் பரிமாற்றம் என்று சொல்லி மலேசியாவுக்கு விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பேராக்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே அவளுக்குக் குருவாக வாய்த்தவள் தவமலர், அவளைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்பில் முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கிற குரு.

தவமலர் தேநீரை ஆற்றினாள். "முதல்ல பசியாறுங்க அக்கா."

"பசியாறவா இவ்வளவு தூரம் வந்தேன்?" கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் போட்டாள். "விருப்ப ஓய்வுக் கடிதம். கையெழுத்தும் போட்டாச்சு. இங்கேயும் வழி கிடைக்கலைன்னா, ஊருக்குப் போனதும் கொடுத்துருவேன்."

"அப்படி என்னக்கா ஆச்சு?"

"என் வகுப்புல நாப்பது பிள்ளைங்க. புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுது டீச்சர்னு ஓடு பறக்கிற மாதிரி கத்துதுங்க. பரீட்சை வச்சா முப்பத்தோரு பேர் தேறல. இசக்கிப்பிரியான்னு ஒருத்தி, முதல் பெஞ்ச். எல்லாரையும்விட அவ சத்தம்தான் பெருசு. அவ பேப்பர்ல பேரைத் தவிர ஒண்ணுமே இல்ல. எனக்கு அழுகையே வந்துட்டுது. வருஷம் பூரா நான் யாருக்கும்மா பாடம் நடத்தினேன்?"

தவமலர் கடிதத்தைத் தொடவில்லை.

"நாளைக்கு என் வகுப்பை நீங்க எடுங்களேன், அக்கா."

மறுநாள் செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். நல்ல கணீர்க் குரல். கரும்பலகையில் வட்டம் போட்டாள், பின்னம் எழுதினாள்.

"மேல இருக்கிறது தொகுதி. கீழ இருக்கிறது பகு...?"

வகுப்பு அவளையே பார்த்தது.

"பகு...?"

மிச்சத்தையும் டீச்சர் சொல்லிவிடுவார் என்று பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"...தி!" என்றாள் அவளே. "சரி, அரையும் காலும் சேர்ந்தா முக்...?"

ம்ஹூம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் என்றால் இந்நேரம் "கால்!" என்று கூரை அதிர்ந்திருக்கும்.

முகம் சுண்டிப்போய் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"உங்க பிள்ளைங்க மக்கா? இல்ல, என்னைப் பிடிக்கலையா?"

தவமலர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"உங்க மாணவி பேரு இசக்கிப்...?" என்றாள்.

"பிரியா. அதுக்கென்ன இப்போ?"

"அவ உட்கார்றது முதல் பெ...?"

"பெஞ்ச்."

"அவளுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு பரோ...?"

"பரோட்டா."

தவமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்படியாக்கா? நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லையே. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

செண்பகவல்லி மனசுக்குள் தேடிப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"அடப் பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தவமலர் கேட்கவில்லை.

மிச்சமிருந்த நாலு நாளும் செண்பகவல்லி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தவமலர் ஒரு கேள்வியை முழுசாகக் கேட்பாள். அப்புறம் சும்மா நிற்பாள். செண்பகவல்லி இப்போது தவமலரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருத்தி விரலை மடக்கினாள், ஒருத்தன் எழுதியதை அழித்தான். இத்தனை நாளும் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை. முதல் பீரியட்.

"அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

நாற்பது பேரும் டீச்சரின் வாயைப் பார்த்தார்கள். இன்னும் பாதி வர வேண்டுமே!

"முக்" என்பது தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், லேசில் இறங்குமா? தண்ணீர் குடித்து இறக்கினாள்.

மின்விசிறி கடகடத்தது. யாரோ சிரித்தார்கள். மலேசியாவில் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பின்பெஞ்சில் குசுகுசுத்தார்கள். செண்பகவல்லி அசையவில்லை.

முதல் பெஞ்சில் இசக்கிப்பிரியா பாதி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"டீச்சர்..."

"சொல்லும்மா."

"எனக்கு இது எப்பவுமே புரிஞ்சதில்ல டீச்சர்."

அவ்வளவு மெல்லிய குரல் அவளுக்கு இருக்கிறது என்பதே வகுப்புக்கு அன்றுதான் தெரிந்தது. அடி விழப்போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செண்பகவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தாளுக்காகக் கைப்பைக்குள் துழாவினாள். கையில் அந்தக் கடிதம்தான் வந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இந்தா. இதைச் சரிபாதியா கிழி."

"டீச்சர், இதுல என்னமோ எழுதியிருக்கே!"

"இருக்கட்டும், கிழி."