கீரை தின்ற கீரி

ஓடைக்கரைக் கீரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எலி அசைந்தால் பாயும். சருகு அசைந்தாலும் பாயும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதுகூட நடுவில் எழுந்துபோய் வெளியே பார்த்துவிட்டு வரும்.

"என்னக்கா இது, காலில் சக்கரமா கட்டியிருக்கிறது? உன் குணமே சரியில்லை!" என்றது மைனா.

"நானா வேண்டுமென்று செய்கிறேன்? என்னால் முடியவில்லையடி!"

மைனாவுக்கு வனக்காவலர் வீட்டு ஓட்டுக்கூரையில் கூடு. அந்த வீட்டம்மா தினமும் ஒரு புத்தகத்தை உரக்கப் படிப்பாள். சாப்பாட்டை மாற்றினால் குணம் மாறும் என்று அதில் எழுதியிருந்ததாம். மைனா கேட்டது பாதி. பேசியது முழுதும்.

"ஆமையண்ணனைப் பார்! என்ன நிதானம்! எல்லாம் கீரை. எலியை விடு, நண்டை விடு. கீரை சாப்பிடு!"

கீரி ஆமையோடு போய் உட்கார்ந்தது. பொன்னாங்கண்ணியை மென்றது. தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. தினமும் இதே பாடு.

படபடப்பு அடங்கியது. சருகு அசைந்தது, கீரி அசையவில்லை.

"பார்த்தாயா, திருந்திவிட்டாய்!" மைனாவுக்குப் பெருமை.

திருந்தவில்லை. தெம்பு போய்விட்டது. பால் வற்றியது. குட்டிகள் சிணுங்கின.

கீரி வளைக்குப் பக்கத்தில் ஆமையோடு கீரை மென்றுகொண்டிருந்தபோது, குட்டி வாசம் பிடித்து நாகம் வந்தது.

சருகு சரசரத்தது. பழைய கீரியாக இருந்தால் அப்போதே பாய்ந்திருக்கும். இது தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் நாகம் வளை வாசலுக்கே வந்துவிட்டது.

"ஆமையண்ணே! இப்போது என்ன செய்ய?"

"நிதானமாக இரு தங்கச்சி!" என்ற ஆமை, தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கீரி அந்த ஓட்டைப் பார்த்தது. உறைத்தது. அடப்பாவி, இவன் நிதானம் கீரையில் இல்லை, முதுகில் இருக்கிறது! என் முதுகில் என்ன இருக்கிறது? வெறும் மயிர்!

அந்த மயிர் சிலிர்த்தது. கீரி பாய்ந்தது. எட்டவில்லை. நாகம் கொத்தியது, சிலிர்த்த மயிரில்தான் பட்டது. கீரி மறுபடி பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வியது. கடித்து முறிக்கப் பலமில்லை. விடவும் இல்லை. நாகம் அதைக் கல்லிலும் முள்ளிலும் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் உதறிக்கொண்டு ஓடையில் இறங்கிப் போயே போய்விட்டது.

மைனா பறந்து வந்தது. "அக்கா, அந்தப் புத்தகத்தில் இன்னொரு பக்கம்..."

"அது மனுஷிக்கு எழுதினதடி! வாயை மூடிக்கொண்டு, நண்டு எங்கே கிடக்கிறதென்று பார்த்துச் சொல்!"

தன் குணம் தனக்கு எதற்கு உதவுகிறது என்று பார்க்காமல் அடுத்தவன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் திருந்தமாட்டான்; மெலிவான்.